டைல்ஸ் கடைக்கா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மகளுக்குக் கலந்தாய்வில் செராமிக் டெக்னாலஜி கிடைக்கிறதாம். அவளுக்கு ஆசை, இவனுக்கு இல்லை. "மண்ணைச் சுடுறதுக்கு எதுக்கு சார் பி.டெக்? டைல்ஸ் கடையில உட்காரவா?" என்றான். எங்காவது பணம் கட்டியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிட வேண்டுமாம். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும். வகுப்பில் காட்டியிருக்கிறேன். ஒருத்தன் கீழே போட்டு உடைத்தான் (யார் என்று சொல்ல மாட்டேன்). சட்டி மாதிரி உடைந்தது. அதுதான் ஃபெரைட். இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் சொந்தக்காரன். அதோடு வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். காந்தக் குணம் உண்டு. ஆனால் இரும்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ரேடியோ அலை அதற்குள் புகுந்து வெளியே வரும்.

இனி ரேடாருக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றித் திரும்பும் ரேடாரைப் பார்த்திருப்பீர்கள். ஆகாஷ் ஏவுகணைக்கு வழிகாட்டும் ராஜேந்திரா ரேடார், ஒவ்வொரு இலக்குக்கும் அப்படித் திரும்பத் தேவையில்லை. அதன் முகத்தில் சுமார் 4000 சிறு அமைப்புகள், ஒவ்வொன்றிலும் ஃபெரைட். சுற்றிய கம்பியில் கண நேரம் மின்சாரம் விட்டால் ஃபெரைட்டின் காந்தநிலை மாறும். அதற்கேற்ப, உள்ளே போகும் அலை கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வெளியே வரும். டிரில் பீரியடில் வரிசையாக நிற்பவர்களை, பக்கத்து ஆளைவிட அரை விநாடி தாமதமாக நடக்கச் சொன்னால் என்ன ஆகும்? யாரும் திரும்பாமலே வரிசை சாய்ந்துவிடும். அலையும் அப்படித்தான் திசை மாறுகிறது, கண் இமைப்பதற்குள்.

இந்தக் கருவி மேல்நாட்டார் கையில் மட்டுமே இருந்தது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாரதி பட் என்ற பெண்மணி, திடநிலை இயற்பியல் ஆய்வகத்தோடும் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து இங்கேயே அதை உருவாக்கினார். நம் ராமேஸ்வரத்துக்காரர் கலாம் ஐயா அக்னிச் சிறகுகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் பரிசாக எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம். ஏவுகணை எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இந்த அம்மாவின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடலாம். ஆனால் சூளையில் பதம் தப்பினால் துண்டு சுருங்கும், காந்தக் குணம் மாறும். ஆயிரக்கணக்கான துண்டுகளும் ஒன்றுபோல் வர வேண்டும். அதைச் செய்வது மண்ணைச் சுடத் தெரிந்தவர்கள்தான்.

"ஃபெரைட் பழசு சார், இப்போ எல்லாம் சிப்" என்று என் பேரனே சொல்வான். உண்மைதான். புதிய ரேடார்களில் காலியம் நைட்ரைடு வந்துவிட்டது. அதையும் யாரோ படித்துத்தானே தயாரிக்கிறார்கள்?

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோக்காரன். வேலைச் சந்தை பற்றி வாக்குறுதி தர எனக்குத் தகுதியில்லை. செராமிக் படித்தவர்கள் நம் மாணவர்களில் யாராவது இருந்தால், சம்பளம் உட்பட உள்ளதை உள்ளபடி கீழே எழுதுங்கள். தம்பி, நீயும் படி. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன் பாப்பாவிடம் ஒருமுறை போனைக் கொடு. நான் பேசுகிறேன்.