மூன்று முறை சொன்னால் போதும்

இந்திய அறிவியல் கழகத்தின் வாணி திட்டம் நாட்டின் எல்லா மாவட்டங்களின் பேச்சையும் திரட்டும் இலக்கோடு பெங்களூரிலிருந்து நடக்கிறது. பெரும் பணி அது. ஆனாலும் ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோயால் நாக்குத் தளர்ந்த ஒருவரின் பேச்சுக்கு அந்தக் குவியலில் இணை கிடைப்பது அரிது. அவருக்கு இன்றே உதவக்கூடியது, அவரே பதிந்த ஒலியைக் கேட்டதும் ஒரு கட்டளையை நிறைவேற்றும் தனிக்குரல் குறுக்குவழிதான். நம் பேச்சறிதல் துறை அதைச் சில்லறை வேலையாக ஒதுக்கி வைத்திருப்பது சரியில்லை.

மெல்லண்ணம் வலுவிழந்தால் காற்று மூக்கு வழியே கசியும். ‘பாட்டு’ என்று அவர் சொல்வது ‘மாட்டு’ என்று கேட்கும். பொதுப் பேச்சறிதல் மாதிரி அதை அகராதியில் உள்ள ஏதோ ஒரு சொல்லுக்கு இழுத்துப் போகும். குறுக்குவழிக்கு அகராதியே வேண்டாம். அவர் முன்பு பதிந்த ஒலியோடு இப்போதைய ஒலியை ஒப்பிட்டால் போதும். மெய்யொலிகள் சிதைந்த பிறகும் உயிரொலிகள் ஓரளவு நிற்கும். எனவே ‘ஆ…ஊ’ என்ற இழுப்பே விளக்கைப் போடும் கட்டளையாகலாம். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசுபவருக்கு மொழித் தேர்வும் தேவையில்லை.

இது புதிய சிந்தனையும் அல்ல. 1952-இல் பெல் ஆய்வகத்தின் ஆட்ரி கருவி ஒருவர் குரலுக்குப் பழகியே எண்களைக் கண்டறிந்தது. 1978-இல் ஆய்வாளர்கள் சகோயும் சிபாவும் செம்மைப்படுத்திய நேர இசைவு முறையும் பதிந்த ஒலியோடு ஒப்பிடுவதுதான். எல்லோர் குரலுக்கும் ஒரே மாதிரி என்ற ஓட்டத்தில் அதைக் கைவிட்டோம். 2021-இல் கூகுளின் ரிலேட் செயலி 500 வாக்கியங்களைப் பதியச் சொன்னது. மூச்சு வாங்கும் நோயாளிக்கு அது பெரும் பாரம். 2024-இல் ஐபோனில் வந்த குரல் குறுக்குவழி வசதிக்கு ஒரு சொல்லை மூன்று முறை சொன்னால் போதும். ஒப்பீடும் கருவிக்குள்ளேயே நடக்கிறது.

சிக்கல்கள் வேறு இடத்தில் உள்ளன. கட்டளை குட்டையாக இருந்தால் டிவி சத்தத்துக்கே விளக்கு எரியும். நீளமாக இருந்தால் சொல்பவர் களைத்துப் போவார். ஏஎல்எஸ் நோயாளியின் குரல் மாதங்களில் மாறும். பார்க்கின்சன் நோயாளிக்கோ மருந்து வேளையைப் பொறுத்து ஒரே நாளில்கூட மாறலாம். முதல் நாள் பதிவை வைத்துக் காலம் தள்ள முடியாது.

நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் அறிவியல் கழகமும் இந்நோயாளிகளின் பேச்சைச் சேர்ந்தே ஆய்ந்து வருகின்றன. அந்தக் கூட்டுறவு வீடுகளுக்குள்ளும் செல்ல வேண்டும். இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொருவருக்குமான முடிவையும், ஒரு மணி நேரத்தில் எத்தனை தவறான தூண்டல்கள் என்பதையும், சில மாதங்கள் கழித்து வீட்டில் எடுத்த பதிவின் முடிவையும் சேர்த்துத் தாருங்கள்.