உப்புக் காற்றும் ஓம் விதியும்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுவைக்குப் பிரயாணம் செய்வோர், மரக்காணத்தை அடைந்ததும் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். காண்பதற்கு அழகுதான். ஆனால் அவ்விடத்திலேயே குடியிருந்து, ஒரு பழைய மோட்டாரையும் வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறவர்களுக்குத்தான் அவ்வழகின் மறுபக்கம் தெரியும். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி எதையும் இக்காற்று விட்டு வைப்பதில்லை.

சென்ற சித்திரையில் நமது மோட்டாரின் குளிர்சாதனம் வேலைநிறுத்தம் செய்தது. காற்று வந்தது, ஆனால் அது அடுப்பங்கரைக் காற்று. எழுபத்தெட்டு வயதான நம் தாயாரை வைத்தியத்துக்காக வாரந்தோறும் புதுவைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முதல் வாரம் திரும்பி வருகையில் அவர் வழியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். மறுநாளே ஒரு பட்டறைக்கு ஓடினோம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, கம்பிரஸர் போய்விட்டது என்றும், புதிது போட 28,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டிய மாதம் அது!

இந்நிலையில் நம் பழைய மாணாக்கர் ஒருவர் வந்து சேர்ந்தார். உப்பளங்களில் நீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவர் ஜீவனம். பத்தாம் வகுப்பில் நம்மிடம் விஞ்ஞானத்தில் இருமுறை தவறியவர். "கொஞ்சம் பானெட்டைத் திறங்க ஸார்" என்றார்.

எஞ்சின் ஓடும்போது குளிர்சாதனத்தின் பித்தானை அழுத்தினால், கம்பிரஸரின் முன்புறமுள்ள கிளட்ச் தட்டு மின்காந்தத்தால் இழுக்கப்பட்டு, 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சுழல வேண்டும். நம் வண்டியில் அந்த 'டக்' கேட்கவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயைக் கழற்றி, அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயின் இடத்தில் பொருத்தினார், ஹாரன் அலறியது. ஆகவே ரிலே நிரபராதி.

பிறகு மீட்டரை எடுத்தார். பாட்டரியில் 13.5 வோல்ட். கிளட்ச் சுருளின் இரு முனைகளுக்கிடையே 6 வோல்ட்தான். மீதி 7.5 வோல்ட் எங்கே போயிற்று? மோட்டாரில் மின்சாரம் ஒயர் வழியே போனாலும், திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடல் வழியேதான். அந்த உடலோடு கிளட்ச்சின் எர்த் ஒயரைச் சேர்க்கும் போல்ட்டில் ஒரு மீட்டர் முனையையும், பாட்டரியின் மைனஸில் மறு முனையையும் வைக்க வேண்டும். காணாமற்போன 7.5 வோல்ட் அங்கே அகப்பட்டது! ஏறக்குறைய சூனியமாக இருக்க வேண்டிய இடம் அது.

ஜெர்மனி தேசத்து ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட விதியை நாம் இருபது வருஷங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். சுருளின் தடை 4 ஓம். 6 வோல்ட் என்றால் ஓட்டம் 1.5 ஆம்பியர். அப்படியானால் துருப்பிடித்த அந்த போல்ட்டின் தடை 5 ஓம்! சுருளை விடத் துரு பெரிதாயிருந்தால் கிளட்ச் எப்படி இழுக்கும்? கணக்கைப் போட்டது நாம். போட வேண்டிய இடத்தைக் காட்டியது அவர். அவரை இருமுறை தவற வைத்த வினாத்தாள்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விடுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். காற்றின் ஈரம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவெல்லாம் அந்த ஈரம் உண்டு. கரைந்த உப்பு இடுக்குகளில் புகுந்து இரும்பையும் செம்பையும் அரிக்கிறது. செம்பு முனைகளில் பச்சைப் பொருக்காக இருப்பது அதன் கைவேலைதான்.

எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, போல்ட்டையும் அது அமரும் இடத்தையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் பூசினார். செலவு 60 ரூபாய். உப்பு செய்த கேட்டை உப்புத்தாள் தீர்த்து வைத்தது என்று நாம் சொன்ன சிலேடைக்கு அவர் சிரிக்கவில்லை.

நம்மைப் போல் கை துறுதுறுக்கும் நேயர்களுக்கு ஓரிரண்டு வார்த்தை. ஓடும் எஞ்சினருகே வேட்டி நுனியும் துண்டும் தொங்கக் கூடாது. பெல்ட் கண நேரத்தில் இழுத்துவிடும். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸே போட வேண்டும். கம்பியைச் சுற்றுவது வண்டிக்குக் கொள்ளி வைப்பதாகும். மஞ்சள் நிற இணைப்புகள் ஆபத்தில் விரியும் காற்றுப் பைகளுக்குரியவை, அவற்றைத் தொடவேண்டாம். குளிர்வாயுக் குழாயை அவிழ்ப்பதும் நம் வேலையன்று. மிகுந்த அழுத்தத்திலுள்ள அவ்வாயு கையைப் பொசுக்கிவிடும்.

அமெரிக்காவில் பாக்கார்ட் கம்பெனியார் 1939-ல் முதன்முதலாகக் குளிர்சாதனம் அமைத்த மோட்டார்களை வெளியிட்டபோது, குளிரை நிறுத்த உள்ளே ஒரு பித்தானும் கிடையாதாம். வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும். அடுத்த வாரம் புதுவையிலிருந்து திரும்புகையில் இக்கதையை நம் தாயாருக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். உப்பளங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நம்ம வண்டியிலே பித்தான் இருக்கில்லையாப்பா? அதைக் கொஞ்சம் நிறுத்தேன், குளிருது."