ஒரே ஆள், நாலு பெயர்

முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். கிரெடிட் கார்டு விண்ணப்பத்தின் உச்சியில் இந்த மூன்று கட்டங்கள். தமிழன் தடுக்கி விழுவது இங்கேதான். சம்பளம், பழைய கடன், கையெழுத்து எல்லாம் பிறகு வருகிற சங்கதி.

உல்லாஸ்நகர் கேம்ப் 4-ல் ஜீன்ஸ் தைக்கிற தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் பழனி, அப்பா பெயர் சுப்பையா, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் சித்தப்பா வீட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் கல்யாணைத் தாண்டி வந்து குடியேறியவர். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அவர் எஸ். பழனி. தாராவியில் வாங்கிய ரேஷன் கார்டில் பலனி. மராத்தியில் ழகரம் இல்லை, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஆதாருக்காக அதை ஆங்கிலமாக்கியபோது ஓர் எழுத்து உதிர்ந்து பல்னி ஆனார். பான் கார்டு படிவமோ இனிஷியல் கூடாது, முழுப் பெயராக விரித்து எழுது என்கிறது. விரித்தார். அப்பா வந்து கடைசிப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டார்: பழனி சுப்பையா.

காகிதம் நாலு, பெயர் நாலு, முகம் ஒன்றுதான். ஆனால் முதல் சல்லடையில் முகத்தைப் பார்க்க ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் விண்ணப்பத்தை ஓரம் கட்டுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரே காகிதமில்லாதவர்களுக்காக உண்டானது. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் அருகே கட்டிய ராணுவ முகாம் அது. பிரிவினைக்குப் பிறகு, சிந்துவில் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடிவந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அந்த பாரக்குகளில் குடிவைத்தார்கள். கப்பலில் வந்த குடும்பம் பத்திரத்தையா பெட்டியில் வைத்துக் கட்டியிருக்கும்? விட்டுவந்த சொத்துக்கு உரிமை கோர 1950-ல் தனிச் சட்டமும் நஷ்டஈட்டுக்கு 1954-ல் இன்னொரு சட்டமும் கொண்டுவர வேண்டியிருந்தது. பாரக் எண், அறை எண் என்று முகவரி எழுதும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். ஐந்து கேம்ப்களுக்கும் 421001 முதல் 421005 வரை பின்கோடு. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எந்த கேம்ப் என்று தபால்காரர் சொல்லிவிடுவார்.

1949 ஆகஸ்ட் 8-ந் தேதி அந்த முகாமை உல்லாஸ்நகர் என்ற பெயரில் நகரமாக்கித் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் இன்று கார்டுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? சி. ராஜகோபாலாச்சாரி என்று எழுதினால் இனிஷியல் கூடாது. விரித்தால் சக்ரவர்த்தி. அது முதல் பெயரா, கடைசிப் பெயரா? நாட்டுக்கு அவர் ராஜாஜி, நண்பர்களுக்கு சி.ஆர். கம்ப்யூட்டர் அவரையும் திருப்பி அனுப்பியிருக்கும். லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் என்று சாடியவருக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

பம்பாயில் தமிழ்ப் பெயருக்கு நேர் எதிரான சிக்கல் இருந்த காலமும் உண்டு. 1960-களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை, கம்பெனிகளில் பெரிய வேலையில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்த குடும்பங்களுக்கு அன்று பெயர் ஒன்றே போதுமான அடையாளச் சான்று. யாரும் அட்டெஸ்டேஷன் கேட்கவில்லை.

மாட்டுங்காக்காரர்களுக்கு கார்டு பெரிய விஷயமாக இருந்ததில்லை. ஆபீஸ் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, சொஸைட்டி ஃபிளாட்டில் பெயர்ப்பலகை உண்டு. 1980-ல் சென்ட்ரல் பேங்க் கார்டு வெளியிட்டபோதும், 1990-களில் வெளிநாட்டு வங்கிகளின் பையன்கள் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியபோதும் அவர்கள் தேடியது இந்த மாதிரி ஆட்களைத்தான். சில பேட்டைகளை 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒதுக்குவது கடன் கொடுக்கும் தொழிலில் நெடுநாள் வழக்கம். அந்தப் பட்டியலை வாசலில் ஒட்டமாட்டார்கள். விண்ணப்பதாரருக்குத் தெரிவதெல்லாம் 'வருந்துகிறோம்' என்கிற ஒற்றை வரி.

உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2002-ல் வங்கிகளுக்கு வழிமுறை வகுத்தது. கறுப்புப் பணத்தை வெளுப்பதைத் தடுக்கும் சட்டத்தின் விதிகள் 2005-ல் அமலுக்கு வந்தன. ஆரம்பத்தில் முகவரிக்கு ரேஷன் கார்டு போதும். இன்று செல்லுபடியாகும் ஆவணங்களின் பட்டியலில் பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை எல்லாம் இருக்கின்றன; ரேஷன் கார்டு இல்லை. தாராவியில் ஒரு தலைமுறை பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருந்த காகிதம் அது. இன்னொரு பொக்கிஷம், 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்து வழங்கிய அடையாள அட்டை. நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், சேலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவரும் மனுதாரர். 1985 ஜூலை 10-ந் தேதி தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் மாற்று இடம் என்று வந்தபோது அது கைநீட்டிக் கேட்டதும் அந்த 1976 கணக்கெடுப்பைத்தான்.

பழனிக்கு அடுத்த தலைவலி முகவரி. ஆதாரில் இருப்பது தாராவி. உல்லாஸ்நகர் மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து கொடுத்தால் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் கொடுப்பாரா? கட்டடத்துக்கே அனுமதி இல்லாத ஊர் இது. 855 கட்டடங்கள் சட்டவிரோதம் என்று விவகாரம் பம்பாய் ஹைகோர்ட் வரை போய், இடிப்பு ஆரம்பித்து, கடைசியில் 2006-ல் உல்லாஸ்நகருக்கென்றே மாநில அரசு ஒரு வரன்முறைச் சட்டம் போட்டது. வீட்டுக்கே அடையாளச் சான்று இல்லாதபோது குடியிருப்பவருக்கு எங்கிருந்து வரும்?

வருமானம்? பீஸ் ரேட். சனிக்கிழமை கையில் ரொக்கம். ஏலச்சீட்டில் ஒரு தவணைகூடத் தவறாதவர் என்று பட்டறையே சாட்சி சொல்லும். 300-லிருந்து 900 வரை மார்க் போடுகிற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அந்தச் சாட்சி எட்டாது. அவர்கள் ஏட்டில் கடனே வாங்காதவரும் ஊர் பேர் தெரியாதவரும் ஏறக்குறைய ஒன்று.

ஆதார் இதற்கெல்லாம் விடிவு என்றார்கள். 2010 செப்டம்பரில் முதல் எண்ணைக் கொடுத்ததுகூட இதே மகாராஷ்டிரத்தில், நந்துர்பார் மாவட்டத்து ஆதிவாசி கிராமமான தெம்ப்லியில். காகிதமே இல்லாதவருக்காக, தெரிந்த ஒருவர் அறிமுகம் செய்தால் போதும் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த வழியில் எத்தனை பேர் வந்தார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் 2015-ல் கிடைத்த பதில்: 83.5 கோடி எண்களில் சுமார் 2.19 லட்சம். மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்த காகிதத்தைக் காட்டித்தான் புதுக் காகிதம் வாங்கினார்கள். பழைய காகிதத்தில் இருந்த எழுத்துப் பிழையும் கூடவே வந்தது.

2020 முதல் வீடியோவிலும் விசாரணை உண்டு. வங்கி அதிகாரி போனில் முகம் பார்த்து, பான் கார்டைக் காட்டச் சொல்லி, நாலு கேள்வி கேட்டு, எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் பதிவு செய்துகொள்வார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, நெட்வொர்க் விட்டு விட்டு வருகிற சந்தில் நின்று பழனி தன் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரை?

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது கிரெடிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட உத்தரவு. 'உள் விதிமுறைகள்' என்று மழுப்பினால் விடாமல் கேட்கலாம். கடன் தகவல் அறிக்கையையும் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் உங்கள் பெயரில் உங்களுக்கு கார்டு கிடைக்காமல் போகலாம். நாலு ஏஜெண்டுகளிடம் கொடுத்த ஜெராக்ஸை வைத்து வேறொருவர் உங்கள் பெயரில் கடன் வாங்கியிருக்கலாம். ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை வாபஸ் ஆனது. நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கார்டு பிரச்சினையோடு இது நிற்பதுமில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் பார்வையாளராக வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தபோது தமிழர்கள் பலர் பதறினார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு சமாதானம் வந்தது.

பழனி இப்போது போக வேண்டிய இடம் கோர்ட் வாசல். குடையின் கீழ் மேஜை போட்டிருக்கும் நோட்டரிக்கு இது தினப்படி வேலை. எஸ். பழனி, பலனி, பல்னி, பழனி சுப்பையா என்ற நால்வரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் டைப் அடித்து சீல் வைத்துத் தருவார். அதற்கு முன் அவரும் கேட்பார்: "அடையாளத்துக்கு ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?"