லோபாஸ் கேட்டுக்கு முன்னால் என்வலப் எதற்கு?

மாட்யூலர் சிந்தசைசர் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. காசைக் கொட்டி ஒரு லோபாஸ் கேட் வாங்குவார்கள். வாங்கிய கையோடு, நாலு குமிழ் வைத்த ஏடிஎஸ்ஆர் என்வலப் ஜெனரேட்டர் ஒன்றை அதன் தலையில் கட்டுவார்கள். அப்புறம், "இது சாதாரண விசிஏ மாதிரிதானே இருக்கிறது, அதுவும் கொஞ்சம் மந்தமாக" என்று அலுத்துக்கொள்வார்கள். மந்தமாக்கியது யாராம்?

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிந்தசைசர் செய்துகொண்டிருந்த டான் புக்லா, தன் 200 வரிசையில் 292 என்றொரு மாட்யூலை வைத்தார். நான்கு சேனல்கள். ஒவ்வொன்றையும் ஃபில்டராகவோ, ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கேட்டாகவோ, இரண்டும் சேர்ந்தோ இயக்கலாம். விஷயம் இருப்பது அந்த மூன்றாவதில்தான். உள்ளே வாக்ட்ரோல் என்ற குட்டிப் பொருள்: ஒரு விளக்கையும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு ரெசிஸ்டரையும் எதிரெதிரே வைத்து இருட்டில் மூடியது, அவ்வளவுதான். வோல்டேஜ் வந்தால் விளக்கு எரியும், தடை குறையும், ஒலி திறக்கும். திறக்கச் சில மில்லிசெகண்ட் போதும். விளக்கு அணைந்தாலோ ரெசிஸ்டர் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. முதலில் சட்டென்று, பிறகு இழுத்து இழுத்து மூடும்.

ஆக, என்வலப் ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது!

ஓர் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டிப் பாருங்கள். முதலில் சாவது கூர்மையான மேல் ஒலிகள். அடியில் உள்ள ரீங்காரம் கடைசிவரை நிற்கும். ஒலியளவும் பிரகாசமும் சேர்ந்து இறங்கும் இந்த இயற்கையைத்தான் லோபாஸ் கேட் ஒரே ஒரு பல்ஸில் தருகிறது. அதன்மேல் இவர்கள் டிகே, ரிலீஸ் என்று திருகி வைத்தால் இரண்டு மந்தங்கள் கூடி ஒலி கொழகொழவென்று ஆகாமல் என்ன செய்யும்?

"வாக்ட்ரோல் துல்லியம் இல்லாதது, ஒன்று போல் ஒன்று இருக்காது" என்பது அடுத்த புகார். உண்மைதான். வேகமாகத் தட்டினால் முந்தைய தட்டலின் மிச்சம் தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். எனவே ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறு மாதிரி விழும். கையால் வாசிக்கிற எந்தத் தோல் கருவியிலும் இதைக் கேட்டு ரசிப்பவர்கள், மின்கருவியில் வந்தால் மட்டும் கோளாறு என்கிறார்கள். என்ன நியாயமோ!

மேக் நாய்ஸின் ஆப்டோமிக்ஸில் 'ஸ்ட்ரைக்' என்றே ஒரு துளை இருக்கிறது, தட்டுவதற்காகவே. 2018-ல் வந்த ம்யூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ப்ளெய்ட்ஸோ வாக்ட்ரோலே இல்லாமல், அந்த மந்தத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கியது. ஊரே தேடிப்போகிற குணத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு என்வலப்பால் மூடி மறைப்பதா?

மெல்ல மெல்ல வீங்கி எழும் ஒலி வேண்டுமென்றால் என்வலப் தேவைதான், மறுக்கவில்லை. கத்தி போல வெட்ட வேண்டுமென்றால் சாதாரண விசிஏ இருக்கிறது. மற்றபடி சீக்வென்சரின் பல்ஸ் நேராக லோபாஸ் கேட்டுக்குப் போகட்டும். ஒலி மெலிந்து கேட்டால் பல்ஸைப் பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு அகலமாக்கினால் சரியாகிவிடும். கழற்றிய என்வலப்பை வேவ்ஃபோல்டரில் மாட்டலாம், அங்கே அதற்கு நிறைய வேலை இருக்கிறது.