வெறும் வலையுடன் கரை சேர்ந்தோருக்கு



இரவு முழுவதும் கடலிலே கிடந்து, விடியற்காலையில் வெறும் வலையுடன் கரைக்குத் திரும்புகின்ற மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மன்னாரிலோ முல்லைத்தீவிலோ பாசையூரிலோ பிறந்து வளர்ந்தவர்களிடம் இக்கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. அவன் படகை விட்டு மெதுவாகவே இறங்குவான். கரையில் நிற்போரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டான். கறிக்காவது ஏதும் பட்டதா என்று எவராவது கேட்டுவிட்டால், ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் அவன் படுகின்ற பாடு அவனுக்கே தெரியும்.

யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரம் அத்தகையதொரு விடியலையே நமக்குக் காட்டுகின்றது. பேதுருவும் தோமாவும் நத்தானியேலும் செபதேயுவின் மக்கள் இருவரும் வேறு இருவருமாக எழுவர் இரவிலே படகேறுகின்றனர். திபேரியாக் கடல் என யோவான் குறிப்பிடுவது கலிலேயா ஏரியையே. பெயர்தான் கடல், அது ஏறக்குறைய 21 கிலோ மீற்றர் நீளமும் 13 கிலோ மீற்றர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. நம் நாட்டுக் குளங்களிலே 1952 ஆம் ஆண்டளவில் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாவின் இனத்து மீன் அங்கும் உண்டு. அக்காலத்து வலைகள் ஆளிச்செடி நாரினால் முறுக்கிய நூலால் பின்னப்பட்டவை. பகல் வெளிச்சத்தில் மீன்கள் அவற்றைக் கண்டு விலகிவிடும் என்பதால் இரவே தொழிலுக்கு உகந்த வேளையாயிற்று. 1986 ஆம் ஆண்டில் வறட்சியினால் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, அக்காலத்ததெனக் கணிக்கப்பட்ட படகொன்று சேற்றிலிருந்து வெளிப்பட்டது. எட்டு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம், இரண்டேகால் மீற்றரளவு அகலம். அத்தகைய படகிலே எழுவர் ஓரிரவைக் கழித்தால், ஒருவர் பெருமூச்சு மற்றவருக்குக் கேட்காமலிருக்குமா?

விடியும் வேளையில் கரையிலே ஒருவர் நின்று குரல் கொடுக்கின்றார். அவர் இன்னாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. உண்பதற்கு ஏதேனும் அகப்பட்டதா என்று வினவுகின்றார். மூலமொழியான கிரேக்கத்தில் அவ்விடத்திலுள்ள சொல், அப்பத்துடன் சேர்த்துக்கொள்ளும் தொடுகறியைக் குறிப்பதாகும். நம் கடற்கரைகளிலே காலைதோறும் கேட்கின்ற அதே கேள்வி! இல்லையென்ற மறுமொழிக்கு அவர் வியக்கவுமில்லை, கடியவுமில்லை. வலது புறத்தில் வலையை வீசச் சொல்கின்றார். கரையில் நின்று நீரின் நிறத்தை நோக்கி மீன்கூட்டத்தை இனங்காணும் அனுபவசாலிகள் நமது கரைவலைத் தொழிலிலும் இருக்கின்றனர். ஆகையால் முன்பின் அறியாத ஒருவரின் சொற்படி வலை வீசியது அந்த மீனவர்களுக்கு வினோதமாகத் தோன்றியிராது.

பெரிய மீன்கள் நூற்று ஐம்பத்து மூன்று அகப்பட்டன. இந்த எண்ணின் மறைபொருள் யாதென்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீனார் கண்டார். தொழிலாளி ஒருவரிடம் கேட்டால், பங்கு பிரிப்பதற்காக எண்ணியிருப்பார்கள் என்றே சொல்வார். அவ்விளக்கமே நமக்கு அதிகம் பிடிக்கின்றது.

ஆனால் அன்றைய பெரிய அதிசயம் வலையிலே மட்டும் இருக்கவில்லை. அவர்கள் கரையில் இறங்கியபோது, அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, அப்பமும் இருந்தது. மீன் சுட்டுப் பழகியவர்கள் இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். எரியும் தழலிலே மீனை வைத்தால் தோல் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். விறகாயினும் சிரட்டையாயினும் சுவாலை அடங்கி, கங்கு மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அப்படியாயின் அந்த நெருப்பு எப்போது மூட்டப்பட்டது? அவர்கள் இன்னும் இருளிலே வெறும் வலையை இழுத்துக்கொண்டிருந்த வேளையில் அல்லவா? அவர்களுடைய தோல்வி முடிவதற்கு முன்னரே அவர்களுக்கான காலையுணவு ஆயத்தமாகத் தொடங்கிவிட்டது.

அந்த நெருப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். யோவான் இங்கு பயன்படுத்துகின்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகின்றது. மற்றைய இடம், தலைமைக் குருவின் முற்றம். குளிர்காய்வதற்காக அங்கே மூட்டப்பட்ட கரிநெருப்பின் அருகில் நின்றுதான் பேதுரு தம் ஆண்டவரை அறியேன் என்றார். இப்போது, நீந்துவதற்காக உடையைக் களைவார்கள் என்றிருக்க, மேலாடையை வரிந்து கட்டிக்கொண்டு நீரிலே குதித்து, நனைந்த உடம்போடு கரையேறுகின்ற அதே பேதுருவின் முகத்தில் அதே கரிப்புகை படுகின்றது. அவருடைய நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

அவ்வேளையில் ஆண்டவர் என்ன செய்தார்? அன்றிரவு நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்கள் பிடித்த மீனிலும் சில கொண்டுவரச் சொன்னார். நெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருக்க, அது எதற்கு? கைநீட்டி வாங்குகின்ற கூச்சமின்றித் தங்கள் உழைப்பையும் வைத்து அவர்கள் உண்ணட்டும் என்பதற்காகவே என நாம் எண்ணுகின்றோம். பின்பு அப்பத்தையும் மீனையும் தம் கையாலேயே பரிமாறினார். அவர்கள் உண்டு முடித்தார்கள். அதன் பின்னரே பேதுருவிடம் பேசத் தொடங்கினார். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை கேட்ட அந்தக் கேள்வியும் ஏன் மறுதலித்தாய் என்பதன்று, அன்பைப் பற்றியதே.

பிரியமானவர்களே, இந்த ஒழுங்கை நாம் எவ்வளவு எளிதாகத் தலைகீழாக மாற்றிவிடுகின்றோம்! முதலில் விசாரணை, பின்பு அறிவுரை, மிஞ்சினால் உணவு. வெளிநாட்டுக்குப் போக ஈடுவைத்த வீட்டை மீட்காமலே திருப்பி அனுப்பப்பட்ட மகன், படலையைத் திறந்து உள்ளே வரும்போது அவனிடம் நாம் முதலில் கேட்பது என்ன? தடுப்பிலிருந்து விடுபட்டு ஊருக்கு வந்த பெண்ணிடம் அயலார் முதலில் கேட்டவை எவை? பரீட்சையில் தவறிய பிள்ளை அன்று மதியம் உண்டதா என்று எத்தனை வீடுகளில் பார்த்தார்கள்?

கடலோர மக்களின் வெறுமையான இரவுகளுக்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் அன்று. போர்க்காலத்தில் வடபுலத்தில் இரவிலே கடலுக்குச் செல்லவே தடையிருந்தது. 2017 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் இழுவைமடித் தொழில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. எனினும் எல்லை தாண்டி வருகின்ற இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துச் செல்வதாக அவர்கள் முறையிடுவது ஓயவில்லை. 2022 ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, படகை நீரில் இறக்குவதா விடுவதா என்பதே பெருங்கேள்வியாயிற்று. இத்தனைக்கும் பின்னர் ஒருவன் வெறும் வலையுடன் வருகின்றான். கரையிலே அவனுக்காக முதலில் காத்து நிற்பவர் பெரும்பாலும் கடன் கொடுத்தவரே.

நமது பங்குகளிலும் சபைகளிலும் திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாடைக்காற்று எழுந்து, கிழக்குக் கரையில் கரைவலை ஓய்ந்து, வாடிகள் வெறிச்சோடும் மாதங்களில் அடுப்பு மூட்டுவோர் யார்? அதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. ஒடியற்கூழ் காய்ச்சத் தெரியாத கடலோரக் கிராமம் யாழ்ப்பாணத்தில் உண்டா? ஒருவர் ஒடியல் மாவும், ஒருவர் மரவள்ளிக் கிழங்கும், ஒருவர் நாலு நண்டும் கொண்டுவந்தால் ஒரு பானை நிறைந்துவிடும். கொண்டுவர ஒன்றுமில்லாதவர் விறகு பொறுக்கி வரட்டும். அவருக்கும் அதே பிளாவில் அதே கூழை வார்க்கலாம். வரும் வாடைக்கு முன்னர் பங்குச் சபைகளும் மாதர் சங்கங்களும் கூடி இதை யோசிப்பது நன்று. செய்யும்போது, வந்தவர்களின் பெயரை எழுதி வைக்காமலும், படம் பிடித்து எமக்கு அனுப்பாமலும் செய்யுங்கள்.