தலைவரின் கண்ணுக்குத் தப்புவது

தன்னை அறிதல் என்றதும் தியானம், நாட்குறிப்பு, தனிமை என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. ஒரு நிறுவனத்தை நடத்துபவருக்கு அவை உதவும், ஆனால் போதாது. தன் மனதில் என்ன ஓடுகிறது என்பதை அவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுகொள்ளலாம். தன் பேச்சு எதிரில் இருப்பவரை என்ன செய்தது என்பதை அப்படிக் கண்டுகொள்ள முடியாது. அந்தச் செய்தி எதிரில் இருப்பவரிடம்தான் இருக்கிறது.

1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை நான்கு கட்டங்களாக வரைந்து காட்டினார்கள். இருவரின் முதற்பெயர்களையும் சேர்த்து அதை 'ஜோஹாரி சாளரம்' என்கிறார்கள். அதில் ஒரு கட்டம், பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத நம் இயல்புகளுக்கு உரியது. பதவி உயர உயர இந்தக் கட்டம்தான் பெரிதாகிறது என்று நான் நினைக்கிறேன். சம்பள உயர்வும் இடமாற்றமும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல யார் முன்வருவார்? "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்ட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 2014 பிப்ரவரியில். அதே ஆண்டு அக்டோபரில், ஃபீனிக்ஸ் நகரில் நடந்த கணினித் துறைப் பெண்களின் மாநாட்டில் மேடையேறினார். பேட்டி கண்டவர் மரியா கிளாவ். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று அவர் கேட்டார். கேட்பது முக்கியமல்ல, நிறுவன அமைப்பு உரிய நேரத்தில் உரியதைத் தரும் என்று நம்புங்கள், அது நல்ல கர்மா என்ற பொருளில் பதில் வந்தது. கிளாவ் அங்கேயே மறுத்தார். அரங்கம் கைதட்டியது. சம்பளம் பேசாமலேயே ஒரு பதவியை ஏற்றுத் தான் இழந்ததையும் அவர் எடுத்துச் சொன்னார்.

அதன்பின் நடந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். நாதெள்ளா முதலில் ட்விட்டரில், தான் தெளிவாகப் பேசவில்லை என்று எழுதினார். நாம் எல்லோரும் ஓடி ஒளியும் இடம் அது: எண்ணம் சரி, சொன்ன விதம்தான் பிசகு. ஆனால் அன்றே ஊழியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில், தன் பதிலே முற்றிலும் தவறு, உயர்வுக்குத் தகுதி இருப்பதாக நினைத்தால் நேராகக் கேளுங்கள் என்றார். இந்த இரண்டுக்கும் இடையே அவர் கடந்த தூரம்தான் ஒரு தலைவரின் வளர்ச்சி. தனக்குப் பலித்த அறிவுரை எல்லோருக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொண்டதே பிழையின் வேர் என்பதைப் பிறகு அவரே விளக்கினார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல எண்ணம் இருந்ததாலேயே அந்தப் பிழை அவர் கண்ணில் படவில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. கிளாவ் அப்போது மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழுவில் இருந்தார், ஒரு கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். மறுத்துப் பேசினால் அவருக்கு வேலை போகாது. போன மாதம் சேர்ந்த பொறியாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை அமைத்துத் தருவது தலைவரின் வேலை.

அதற்குக் கேள்வியை மாற்ற வேண்டும். "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். "நேத்து கூட்டத்துல நான் எந்த இடத்துல உங்களைப் பேசவிடலை?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. பதில் வந்தபின் விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்வது அதைவிடக் கடினம். பெயர் போடாத கருத்துப் படிவங்களைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. முடிவுகள் வந்ததும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி "இதை யார் எழுதினது?" என்று இருந்தால், அடுத்த ஆண்டு எல்லாப் படிவங்களிலும் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்தான் வரும்.