டாக்டருக்கு மூன்றே நிமிடம்... வாசகருக்கு ஒரு முழு நாள்!

அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. கை காய் நறுக்குகிறது. மனசோ ஸ்கூல் ஃபீஸ், போன வாரம் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை, எப்போதோ இறந்துபோன அப்பாவின் செருப்புச் சத்தம் என எங்கெங்கோ போய்வருகிறது. "என்ன யோசனை?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பதுதான் பதில்.

அந்த 'ஒண்ணுமில்லை'க்குள் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவதுதான் நனவோடை உத்தி. 1890-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், மனித நினைவை ஓர் ஓடை என்று வர்ணித்தார். 1918-ல் எழுத்தாளர் மே சின்க்ளேர், டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதியபோது அந்தச் சொல்லை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார்.

'இதெல்லாம் மெத்தப் படித்தவர்களின் வித்தை. சமூகத்துக்கு இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்ல பதில், வர்ஜீனியா வுல்ஃப் எழுதி 1925-ல் வெளியான 'மிஸஸ் டாலவே'.

ஒரே சத்தம், இரண்டு மனங்கள்

லண்டனில், 1923 ஜூன் மாதத்தின் ஒரே ஒரு நாளில் நடக்கும் கதை இது. எம்.பி-யின் மனைவி கிளாரிஸா, இரவு விருந்துக்குப் பூ வாங்கப் போகிறார். தெருவில் ஒரு கார் 'டமார்' என்று வெடிச்சத்தம் எழுப்புகிறது. பூக்கடைக்குள் இருக்கும் கிளாரிஸா ஒரு நொடி திடுக்கிடுகிறார், அவ்வளவுதான். அதே சத்தம் தெருவில் நிற்கும் செப்டிமஸை உறையவைக்கிறது. உலகமே தீப்பற்றி எரியப்போவதாக அவருக்குத் தோன்றுகிறது.

செப்டிமஸ், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய முன்னாள் சிப்பாய். போரில் இறந்த நண்பன் எவான்ஸ் பூங்காவில் கண்ணெதிரே வருகிறான். பறவைகள் கிரேக்க மொழியில் பாடுகின்றன. பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறார் மனைவி ரெஸியா.

'இவர் மனநோயாளி' என்று வெளியிலிருந்து வர்ணித்திருந்தால், நாமும் பரிதாபப்பட்டுவிட்டுக் கடந்துபோயிருப்போம். வுல்ஃப் நம்மை அவர் தலைக்குள்ளேயே உட்காரவைக்கிறார். உள்ளிருந்து பார்க்கும்போது அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் துக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது.

டாக்டர் ஹோம்ஸுக்கு அவரிடம் எந்தக் கோளாறும் தெரியவில்லை. பெரிய நிபுணரான சர் வில்லியம் பிராட்ஷா, இரண்டு மூன்று நிமிடங்களில் முடிவெடுத்துவிடுகிறார்: மனைவியைவிட்டுப் பிரித்து, விடுதிக்கு அனுப்ப வேண்டும். செப்டிமஸ் ஏதோ சொல்ல முயன்று, வார்த்தை வராமல் திக்குகிறார். டாக்டருக்குக் கேட்காத அந்த வார்த்தைகளைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் வாசகர் மட்டுமே. அன்று மாலை செப்டிமஸ் உயிரை மாய்த்துக்கொள்கிறார். விருந்து நடக்கும் வீட்டுக்கு அது ஒரு செய்தியாக வந்துசேர்கிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு

இது வெறும் கற்பனைக் கோபமல்ல. மனநலம் பாதிக்கப்பட்டபோது ஓய்வு என்ற பெயரில் படிக்கவும் எழுதவும் தடைவிதித்த மருத்துவர்களை வுல்ஃப் நேரடியாக அனுபவித்தவர். சமூக அமைப்பை விமர்சிப்பதே இந்த நாவலின் நோக்கங்களில் ஒன்று என்று 1923-ல் தன் டைரியில் எழுதியும் வைத்தார்.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 80,000 பேர் 'ஷெல் ஷாக்' பாதிப்புக்கு ஆளாகியிருந்தார்கள். அதை நோய் என்பதா, கோழைத்தனம் என்பதா என்று அதிகாரிகள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

போர்க்களம் போன்றவை மனதில் விட்டுச்செல்லும் காயத்தை, பி.டி.எஸ்.டி என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் அங்கீகரித்தது 1980-ல். முதல் உலகப் போரில் கோழைத்தனம், தப்பியோட்டம் போன்ற குற்றச்சாட்டுகளில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006-ல்.

இவற்றை ஒரு நாவல் சாதித்துவிடவில்லை. முன்னாள் வீரர்களும் குடும்பங்களும் பல ஆண்டுகள் போராடியே பெற்றார்கள். ஆனால், சட்டம் மாறுவதற்கு முன் மாற வேண்டிய ஒன்று இருக்கிறது. 'அவனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்' என்கிற பார்வை அது. அறிக்கைகள் நமக்கு எண்ணிக்கையைச் சொல்லும். எண்ணிக்கைக்குள் இருக்கும் ஒருவராக ஒரு நாள் முழுக்க வாழவைப்பது நனவோடைக் கதையால் முடிகிறது. எம்.பி-யின் மனைவிக்கும் மனம் உடைந்த சிப்பாய்க்கும் அங்கே ஒரே உயரத்தில்தான் நாற்காலி!

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: முதல் 20 பக்கங்களில், 'இப்போது யார் யோசிக்கிறார்?' என்று குழப்பம் வரும். திரும்பிப்போய்த் தேடாதீர்கள். ஓடையோடு போங்கள், முகங்கள் தானாகத் தெளியும். ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடர்த்தியான புத்தகம்தான், ஆனால் பெரியதல்ல. இரண்டு வார இறுதிகள் போதும்.